செவியாற் பெறும் வெற்றி

கணினித் திரையிலே துப்பாக்கி ஏந்தி ஆடும் போர் விளையாட்டுக்களில் விரைந்து சுடுபவரே வெல்வர் என்பது பலரது எண்ணமாகும். ‘கவுன்ரர் ஸ்ரைக்’ என்னும் விளையாட்டில் ஊன்றிப் பழகியோர் இதனை முற்றாக ஏற்கமாட்டார். ‘ஹாஃப் லைஃப்’ என்ற மற்றொரு விளையாட்டினை மாற்றியமைத்து, மின் லே, ஜெஸ் கிளிஃப் ஆகிய இருவர் 1999இல் உருவாக்கிய இது, 2023இல் இரண்டாம் வடிவம் பெற்றது. கலைப்பீட மாணவர் ஐவர் எமது விடுதியில் ஓரணியாய் நின்று இதனை ஆடிவருகின்றோம்.

ஓரணி குண்டு வைக்க முயலும், மற்றையது தடுக்கும். வைத்த குண்டு 40 செக்கனில் வெடிக்கும். அதனை வெறுங்கையாற் செயலிழக்கச் செய்ய 10 செக்கனும், உரிய கருவி இருப்பின் 5 செக்கனும் வேண்டும். 13 சுற்றுக்களை முதலில் வெல்லும் அணிக்கே ஆட்டம்.

வெற்றிக்குரிய முதல் உபாயம் சிக்கனம். ஒவ்வொருவரும் 800 டொலருடனேயே தொடங்குவர். ஏகே-47 துப்பாக்கியின் விலையோ 2,700 டொலர். ஆதலின் ஒரு சுற்றில் ஐவரும் செலவைத் தவிர்த்து, பின்னர் ஒருங்கே ஆயுதம் வாங்குதல் வேண்டும். ஒருவர் மாத்திரம் அவசரப்பட்டு வாங்கின் அணி முழுவதும் தளரும். இறப்பவர் கையிலுள்ள துப்பாக்கியையும் இழப்பர். எனவே வெல்லவியலாத சுற்றில் மறைந்து நின்று உயிரையும் ஆயுதத்தையும் காத்துக்கொள்பவரை எவரும் பழிப்பதில்லை.

இரண்டாவது உபாயம் செவி. ஓடுபவரது காலடியோசை எதிரிக்குக் கேட்கும். மெல்ல நடப்பவரது கேளாது. எத்திசையில், எத்தனை பேர் வருகின்றனர் என்பதைக் கண் காணுமுன் காது சொல்லிவிடும்.

விடுமுறையில் வீடு சென்றிருந்தபோது, ஹெட்போன் எதற்கென்று அம்மா வினவினார். ஓசையால் திசையறியும் இவ்வித்தையை விளக்கினேன். 2009இல் வன்னியிலே பதுங்குகுழிகளில் வாழ்ந்தவர் அவர்.

“ஷெல் குத்திற சத்தம் கேட்டால் எந்தப் பக்கமெண்டு எங்களுக்கும் தெரியும் பிள்ளை. உன்ர அண்ணைக்கு அப்ப நாலு வயசு, அவனும் சொல்லுவான்” என்றார்.

அதன்பின்னரும் நான் ஆடுகின்றேன். புதுமுக மாணவருக்கு இவ்வுபாயங்களைக் கற்பித்தும் வருகின்றேன். எனினும், சேமிப்பும் பின்வாங்கலும் இங்கு உபாயங்களாவது, மாண்டவர் யாவரும் அடுத்த சுற்றில் எழுந்து வருவதனாலேயே என்பதை இப்போது உணர்கின்றேன். நாலு வயதிலே என் அண்ணன் உயிர்காக்கக் கற்ற செவித்திறனை நான் பொழுதுபோக்காகப் பயில்கின்றேன். எனக்கு வாய்த்த இவ்வசதி எளிதிற் கிடைத்ததன்று.