வால்வுக்கும் ஒரு ஷிப்ட் போதும்

ஞாயிற்றுக்கிழமை காலை. முதலிபாளையத்தில் அந்த வீட்டுத் திண்ணையில் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. ஒரு பக்கம் அப்புச்சி, எதிரே பேரன். மெயின் சுவிட்ச்சில் கை வைத்தபடி பேரனின் அம்மா. அவர் அங்கே நின்றால்தான் வேலை தொடங்கலாம் என்பது அவர் போட்ட கண்டிஷன்.

அப்புச்சி ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, சீர், மாரியம்மன் பொங்கல் என்றால் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் பாடும். டிரான்சிஸ்டர் செட்டுகள் வந்த பிறகு வால்வு செட் பரணுக்குப் போனது. நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டராக இருக்கும் பேரன் கிடார் வாங்கிய பிறகுதான் அது மறுபடி கீழே இறங்கியது. 1960-களில் ஜிம் மார்ஷல் செய்த கிடார் ஆம்ப்ளிஃபையர்களில் இருந்த இ.எல்.34 வால்வுதான் இதிலும்.

ஆனால், போன வாரம் வாசிக்கும்போதே ஒரு வால்வின் உள் தகடு செக்கச்செவேலெனச் சிவந்தது. புது ஜோடி வால்வு வாங்கி, பயாஸ் பகுதியில் காய்ந்துபோன கண்டென்சரையும் மாற்றியாயிற்று. இனி பயாஸ் வைக்க வேண்டும்.

"பயாஸ்னா என்னங்க அப்புச்சி?"

"உன்ற மெஷின்ல நூல் டென்ஷன் வைக்கிறீல்ல? அதே மாதிரிதான். பாட்டு இல்லாம சும்மா நிக்கறப்ப வால்வுல எத்தனை கரண்ட் ஓடணும்னு வைக்கிறது. கம்மியானா சத்தம் கரகரங்கும். அதிகமானா வால்வு வெந்து போகும்."

அப்புச்சியின் இடது உள்ளங்கையில் பழைய தழும்பு ஒன்று உண்டு. கோயில் திருவிழா ஒன்றில் இரண்டு கையாலும் செட்டைத் தொட்டதன் அடையாளம். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். இந்தப் பெட்டிக்குள் 400-க்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். இப்போது அவர் விரல்கள் நடுங்குகின்றன. அதனால் வேலை பேரன் கையில்.

பிளக்கைப் பிடுங்கி, ரெசிஸ்டர் வைத்த ஒயரால் கண்டென்சரை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகே மீட்டர் கிளிப்புகளை மாட்டினான். ஸ்பீக்கரை இணைத்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தான். கேத்தோடில் ஒரு ஓம் ரெசிஸ்டர் இருந்தது. மீட்டர் எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறதோ, வால்வில் அத்தனை மில்லிஆம்பியர்.

"ஒரு கையைப் பின்னாடி கட்டிக்க சாமி."

சுவிட்ச் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். 58 காட்டியது. பிளேட்டில் 430 வோல்ட். பெருக்கினால் ஏறக்குறைய 25 வாட். இ.எல்.34 தாங்கும் அளவே 25 வாட்தான்.

"தாங்குதுல்லங்க அப்புச்சி?"

"தாங்கும். எத்தனை நாளைக்கு? சும்மா நிக்கறப்பவே முழுப் பாரம். பாட்டு வந்தா எங்கே போகும்? நூத்துக்கு எழுவதோட நிறுத்து."

எழுபது சதவீதம் என்றால் 17.5 வாட். பேரன் ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருகினான். 50... 44... கரண்ட் இறங்க இறங்க வோல்ட் கொஞ்சம் ஏறியது. 445 வோல்ட், 39 மில்லிஆம்பியர். அடுத்த வால்வில் 37. ஜோடி சரி.

அப்போது போன் அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர். அவசர ஆர்டர், மத்தியானம் வர முடியுமா என்று கேட்டார். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவன் அவன். போன மாதம் எந்த ஞாயிறும் வீட்டில் இல்லை. கண்ணைச் சுற்றிக் கருவளையம் வேறு.

அப்புச்சி எதுவும் சொல்லவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு முடியாதுங்கண்ணா. நாளைக்குக் காலைல நேரத்துக்கு வந்தர்றேன்."

பெட்டியை மூடி, கிடாரை இணைத்து ஒரு தந்தியை மீட்டினான். ஒலி முழுசாக எழுந்து, தெருவைத் தொட்டு, மெதுவாக அடங்கியது. வால்வுக்குள் இளஞ்சூட்டு ஆரஞ்சு வெளிச்சம் மட்டும். சிவப்பு இல்லை.

அம்மா அப்போதுதான் மெயின் சுவிட்ச்சிலிருந்து கையை எடுத்தார்.