மூச்சைப் பகிர்ந்துகொள்வோர்

தனித்துப் பாடுவோரின் பெயர்கள் நமக்குத் தெரியும். சேர்ந்து பாடுவோரின் பெயர்களை யாரும் கேட்பதில்லை. தில்லியில் பதினைந்து ஆண்டுகளாக ஒரு சேர்ந்திசைக் குழுவில் பாடிவரும் நானும் அத்தகைய பாடகனே. செவிலியர், வங்கி ஊழியர், கணித ஆசிரியர், ஓய்வுபெற்ற இரயில் ஓட்டுநர் எனப் பலரும் எங்கள் குழுவில் உள்ளனர். வாரம் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள், ஞாயிறு மாலையில் பாடுவதற்காக நகரின் நான்கு திசைகளிலிருந்தும் வந்து கூடுவர்.

சேர்ந்திசை என்பது எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவது மட்டுமன்று. சிலர் சட்ஜத்தில் நிற்பர். சிலர் காந்தாரத்திலும் வேறு சிலர் பஞ்சமத்திலும் நிற்பர். மூன்றும் ஒருங்கே ஒலிக்கையில் தனிக்குரலால் இயலாத ஒரு நிறைவு பிறக்கிறது. நான் பாடுவது ஆண்களின் தாழ்குரல். அதனைப் ‘பாஸ்’ என்பர். என் பகுதியைத் தனியே பாடிக் காட்டினால், “இதுவும் ஒரு பாட்டா?” என்று என் மகள் சிரிப்பாள். பிற குரல்களோடு சேரும்போதுதான் அதன் பொருள் விளங்கும்.

திரைப்பட இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றை உருவாக்கினார். பாரதியார் பாடல்களையும் இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களையும் அக்குழுவுக்கு இசையமைத்துப் பயிற்றுவித்தார். திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்கவும் பாடுபட்ட அவர், 1988-இல் இலட்சத்தீவில் காலமானார்.

எங்கள் குழுவும் பல மொழிகளில் பாடுகிறது. தமிழ்ப் பாடலை வங்காள நண்பர் தம் எழுத்திலும் பஞ்சாபித் தோழி குர்முகியிலும் எழுதிக்கொள்வர். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்பர். அவர்களுக்கு விடை சொல்வதற்காகவே, சிறுவயது முதல் பாடிய வரிகளை நான் புதிதாகப் படித்தேன். ழகரத்தை அவர்கள் நாவில் வரவழைக்க மூன்று வாரம் ஆயிற்று.

சேர்ந்திசையில் ஒரு விதி உண்டு. நீண்ட சுரத்தை நீட்டும்போது அனைவரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. ஒருவர் மூச்சு வாங்குகையில் அருகிலிருப்போர் சுரத்தைத் தாங்குவர். பின்னர் அவர் மெல்லக் கலந்துகொள்வார். கேட்போருக்கு இசை அறுபடாமல் ஒலிக்கும்.

என் தந்தை மறைந்த மறுமாதம் ஒரு நிகழ்ச்சியில் பாடினேன். இரண்டாம் அடியில், அவருக்கு விருப்பமான சொல் ஒன்று வந்தது. தொண்டை அடைத்தது, குரல் எழவில்லை. இருபுறமும் நின்ற நண்பர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சற்றே அழுத்திப் பாடினர். நான்கு வரிகளுக்குப் பின் என் குரல் திரும்பியது. அரங்கில் ஒருவரும் அதை அறியவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் இரயில் ஓட்டுநர் என் தோளில் கை வைத்தார், ஒன்றும் பேசவில்லை.

உங்கள் பள்ளியின் காலை வழிபாட்டிலும் நீங்கள் பல மொழிப் பாடல்களைப் பாடுகிறீர்கள். அடுத்த முறை உங்கள் குரலைச் சற்றுத் தாழ்த்தி, அருகில் நிற்பவரின் குரலை உற்றுக் கேளுங்கள். நீங்கள் மூச்சு வாங்கும் நொடியில் பாட்டைத் தாங்குபவர் அவரே.