இடுப்பசைவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்!

ஓட்டப் பந்தயம் என்றால் நமக்குப் புரிகிறது. பந்தாட்டம் என்றாலும் புரிகிறது. ஆனால், இடுப்பை அசைத்து அசைத்து விறுவிறுவென்று நடப்பதும் ஒரு போட்டிதான் என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. வாசகர்களே, அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் உங்களிடம் சில வார்த்தைகள் பேச வேண்டும்.

என் அக்காள் மகள் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வேலை முடிந்ததும் சாயங்காலங்களில் வேகநடை பழகுகிறாள். வழியில் போகிறவர்கள் கேலி பேசுகிறார்கள். "பெண் கேட்டு வருகிற வயதில் இந்த நடை எதற்கு?" என்று அக்காளே தடுக்கப் பார்த்தாள்.

முதலில் இந்தப் போட்டியின் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். முக்கியமானவை இரண்டுதான். ஒன்று, எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். இரண்டும் அந்தரத்தில் இருப்பது நடுவரின் கண்ணுக்குத் தெரிந்தால் அது தவறு. மற்றொன்று, முன்னே வைக்கும் கால் தரையைத் தொட்டதிலிருந்து, உடல் அந்தக் காலுக்கு நேர்மேலே வரும் வரையில் முழங்கால் மடங்கக் கூடாது.

சூட்சுமம் இந்த இரண்டாவது சட்டத்தில்தான் இருக்கிறது. ஓடுகிறவருக்கு முழங்கால் ஒரு ஸ்பிரிங் மாதிரி. மடங்கி நிமிர்ந்து உடலை முன்னே தள்ளிவிடும். நடைப் போட்டிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அப்படியானால் வேகம் எங்கிருந்து வரும்? மேலே இடுப்பிலிருந்தும் கீழே கணுக்காலிலிருந்தும்தான் வர வேண்டும்.

வலது கால் முன்னே போகும்போது வலப்பக்க இடுப்பும் கூடவே முன்னே திரும்புகிறது. அதனால் காலை எட்டிப் போடாமலேயே அடி நீள்கிறது. வீசும் காலின் பக்கத்து இடுப்பு சற்றே தாழ்கிறது. அதனால் உடல் ஏறி இறங்குவது குறைகிறது. நாம் நடந்தால் பாதங்கள் இரண்டு தடமாகப் பதியும். இவர்களுக்கோ ஏறக்குறைய ஒரே கோட்டில் பதியும். நாம் 'ஆட்டம்' என்று சிரிப்பது இதைத்தான்! முழங்கையை மடக்குவதற்கும் காரணம் உண்டு. குட்டையான ஊசல் நீளமான ஊசலைவிட விரைவாக ஆடும் அல்லவா?

குதிகால்தான் முதலில் தரையில் பதியும். பாதம் பட்டென்று விழாமல் பிடித்து இறக்குவது முழங்காலுக்குக் கீழே முன்புறம் இருக்கும் தசை. புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் வலிக்கும். பின்தொடைத் தசை உடலை முன்னே கொண்டுபோக, கெண்டைக்கால் தசை கடைசியில் தரையை உந்தித் தள்ளுகிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அக்காளிடம் கேட்டேன்: "நீ காண்டா தூக்கின காலத்துல ரெண்டு வாளிப் பாலையும் சிந்தாம எப்படிக்கா கொண்டாந்தே?"

"தோள் ஆடக்கூடாது. எல்லாத்தையும் இடுப்பு வாங்கிக்கணும்" என்றாள். சொன்ன வேகத்தில் அவளே மௌனமாகிவிட்டாள்.

காண்டா நடையில் முழங்கால் மடங்கும், அது வேறு. ஆனால் மேலுடம்பு குலுங்காமல் இடுப்பு தாங்கிக்கொள்வது இரண்டுக்கும் பொது. தோட்டத்தில் அந்த நடையைப் பார்த்து யார் சிரித்தார்கள்?

1998-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் நம் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கப் பதக்கம் வென்றார். எடுத்துக்கொண்ட நேரம் 4 மணி 10 நிமிடம். அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம்! மணிக்கு 7 கிலோமீட்டரைத் தாண்டினாலே நம் கால்கள் ஓடத் துடிக்கும். அவரோ மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில், ஓடாமல், 4 மணி நேரத்துக்கு மேல் நடந்தார். சுங்கை வேயிலிருந்து கிள்ளானுக்குப் போய்த் திரும்பினாலும் அந்தத் தூரம் வராது.

அதே போட்டியில் பெண்களுக்கான 10 கிலோமீட்டரில் வென்றவர் ஆஸ்திரேலியாவின் ஜேன் சாவில். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில், சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில், முதலாவதாக வந்துகொண்டிருந்தார். அரங்கத்தின் வாசலை நெருங்கும்போது மூன்றாவது சிவப்பு அட்டை! அத்தோடு அவர் விலக்கப்பட்டார். வேகம் மட்டும் போதாது, ஒவ்வோர் அடியிலும் ஒழுங்கு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

50 கிலோமீட்டர் நடை 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கோடு ஒலிம்பிக்கில் நின்றுவிட்டது. ஆனாலும் நடைப் போட்டி நின்றுவிடவில்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இந்த நடை வேண்டாம். சாதாரண நடையே போதும். இளையவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகலாம்.

அக்காள் இப்போது மகளைத் தடுப்பதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படி நடந்தால், இடுப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முழங்காலைப் பாருங்கள். அது நேராக இருக்கிறதா, மடங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். நடுவர்கள் கவனிப்பதும் அதைத்தான். பழகுகிற பிள்ளைக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவியும் அதுதான்.