களர் நிலமும் கூலும் விதியும்

எங்க கிணத்து மேட்டுக்குக் கீழே இருக்கிற முக்கால் ஏக்கர் களர். மழை பேஞ்சா நாலு நாள் ஆனாலும் தண்ணி இறங்காது, டீத்தண்ணி மாதிரி கலங்கியே நிக்கும். காஞ்சா மம்பட்டி போட்ட இடம் எகிறும். "கேக்குற ஆளு இருக்கும்போதே வித்துடுடா"ன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருந்தார். மண் பரிசோதனையில் பி.எச். 9-க்கு மேல, ஜிப்சம் போடச் சொல்லி சீட்டு வந்தது. அது என்ன செய்யும்னு கேட்டா, "மண்ணைத் திருத்தும்"ங்கிறதோட சரி. விவரம் புரியாம காசைக் கொட்ட எனக்கு மனசு வரல.

விடை கிடைச்சது பிளஸ் டூ படிக்கிற மகளோட இயற்பியல் புத்தகத்தில். முதல் பாடமே நிலைமின்னியல். மின்னூட்டம் ரெண்டு வகை: நேர், எதிர். ஒரே வகை ஒன்னையொன்னு தள்ளும்; வேற வேற வகை இழுத்துக்கும். தலை வாரின சீப்புல காகிதத் துண்டு ஒட்டுமே, அந்த விசைதான். பிரான்சு நாட்டு கூலும் 1785-ல் இதை அளந்து சொன்னார்: ஒன்னோட மின்னூட்டம் இரண்டு மடங்கானா விசையும் இரண்டு மடங்கு. தூரம் இரண்டு மடங்கானா விசை கால்வாசிதான்.

இதை அப்படியே வயலுக்குக் கொண்டு வாங்க. களிமண் துகளோட மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருக்கு. அதனால துகளும் துகளும் தள்ளிக்கும். நடுவில் நிக்கிற நேர் அயனிகள்தான் அதுகளைச் சேர்த்து வைக்கும். களரில் அந்த இடத்தை சோடியம் பிடிச்சிருக்கு. அதுக்கு ஒரு பங்கு மின்னூட்டம்தான். அதுவும் தண்ணியைப் போர்வையா சுத்திக்கிட்டு துகளை விட்டு விலகியே நிக்கும். தூரம் கூடுது, இழுப்பு குறையுது. துகள்கள் பிரிஞ்சு மிதந்து மண்ணோட துவாரத்தை அடைச்சிடும். தண்ணி இறங்காததுக்குக் காரணம் இதுதான்.

ஜிப்சத்தில் இருக்கிற கால்சியத்துக்கு ரெண்டு பங்கு மின்னூட்டம். அது நெருங்கி ஒட்டி, சோடியத்தை வெளியே தள்ளும். துகள்கள் ஒன்னு சேரும். கலங்கல் தண்ணிப் பானையில் படிகாரம் சுத்தினா தெளியுதே, அதுவும் இந்தக் கணக்குதான். அதில் இருக்கிற அலுமினியத்துக்கு மூணு பங்கு.

அப்பதான் ஒன்னு விளங்குச்சு. ஜிப்சம் தூவிட்டு சும்மா இருந்தா பிரயோஜனம் இல்ல. வெளியே வந்த சோடியம் வயல்லயே கிடந்தா மறுபடி ஒட்டிக்கும். அதனால நல்ல தண்ணி கட்டி, சேறு கலக்கி, வடிகால் வெட்டி வடிச்சோம். இப்படி மூணு தடவை. பிறகு தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுது, களர் தாங்குற திருச்சி 3 நெல் நட்டோம்.

விக்கிற பேச்சை அப்பா இப்ப எடுக்கிறதில்ல. ரெண்டு மூலையில் இன்னும் வெள்ளை பூக்குது. வர்ற கோடையில் அதுக்கும் ஒரு சுத்து இருக்கு. களர் வெச்சிருக்கவங்க முதல்ல வடிகாலுக்கு வழி பாருங்க, ஜிப்சம் மூட்டையை அப்புறம் வாங்கலாம்.