ஹீமோகுளோபின் நார்மல்தான்… இரும்பு இருக்கா? (இழை)

1/ "சித்திரை வீதியைச் சுத்தி வந்தவன் டாக்டர், இப்போ ராஜகோபுரத்துலேர்ந்து ரங்கா ரங்கா கோபுரம் வர்றதுக்குள்ள ரெண்டு தடவை உக்கார்றேன்." இதயச் செயலிழப்பு உள்ளவங்ககிட்ட இந்த மாதிரி அடிக்கடி கேட்கிறேன். கூட வந்தவங்க "வயசாயிடுச்சுல்ல"ன்னு முடிச்சிடுவாங்க. அங்கதான் ஒரு விஷயம் தப்பிப் போகுது.

2/ இதயச் செயலிழப்புன்னா இதயம் நின்னு போறது இல்லை. பம்ப் பண்ற சக்தி குறையறது. இவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இரும்புச்சத்தும் குறைவா இருக்கும்.

3/ "ரத்தம் 13 இருக்கே டாக்டர்?" இருக்கட்டும். இரும்பு ரத்தத்துக்கு மட்டும் இல்லீங்க. இதயத் தசையும் கால் தசையும் சக்தி தயாரிக்கவும் அது வேணும். ரத்தசோகை வர்றதுக்கு முன்னாடியே தசைகள் சோர்ந்துடும்.

4/ பார்க்க வேண்டிய டெஸ்ட் ரெண்டு: ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன். இவங்களுக்கு ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தாலோ, 100-299 இருந்து சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் குறைவா இருந்தாலோ குறைபாடுன்னு எடுத்துக்கிறோம். ஃபெரிட்டின் 70-ன்னு வந்தா லேப் ரிப்போர்ட்ல நார்மல்னே இருக்கும். ஏன்னா அந்த அளவு பொதுவான ஆட்களுக்கானது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நிம்மதி ஆயிடாதீங்க.

5/ ஏன் குறையுது? பசி இருக்காது. குடல் வீங்கியிருக்கும். உடம்புல இருக்கிற அழற்சியால ஹெப்சிடின்ங்கிற ஹார்மோன் கூடி, குடல்ல இரும்பு உள்ளே வர்ற கதவைச் சாத்திடும். சாப்பிட்ட கையோட ஃபில்டர் காபி குடிச்சா வர்ற கொஞ்சமும் குறையும்.

6/ "முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் போதாதா?" சாப்பிடுங்க, நல்லது. ஆனா கதவு சாத்தியிருந்தா அது மட்டும் போதாது. 2017-ல வந்த அயர்ன்அவுட் ஆய்வுல 16 வாரம் அதிக அளவு இரும்பு மாத்திரை கொடுத்தும் உடல் உழைப்புத் திறன் கூடலை.

7/ நரம்பு வழியா ஏத்துற இரும்பு வேற கதை. 2009-ல வந்த ஃபேர்-ஹெச்எஃப் ஆய்வுல 24 வாரத்துல நோயாளிகள் நல்லா உணர்ந்தாங்க, 6 நிமிஷத்துல கூடுதல் தூரம் நடந்தாங்க. பின்னாடி வந்த ஆய்வுகள்ல, இதயச் செயலிழப்புக்காக அட்மிட் ஆகறதும் குறையலாம்னு தெரிஞ்சுது. ஆயுளைக் கூட்டும்னு மட்டும் இன்னும் உறுதியாச் சொல்ல முடியாது. பலன் தெரிஞ்சதும் முக்கியமா பம்ப் திறன் குறைஞ்சவங்களுக்குத்தான்.

8/ இது "சத்து டிரிப்ஸ்" இல்லை. தெருமுனை கிளினிக்ல கேட்டு ஏத்திக்காதீங்க. அபூர்வமா அலர்ஜி வரும், அதனால ஆஸ்பத்திரியில ஏத்தி, முடிஞ்சப்புறமும் அரை மணி நேரம் கவனிக்கணும். வழக்கமான இதய மாத்திரைகளையும் நிறுத்தக் கூடாது.

9/ இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். இரும்பு எங்க போச்சுன்னு தேடணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு வயித்துல மெதுவா ரத்தம் கசியலாம். மூலமா இருக்கலாம், அல்சரா இருக்கலாம், குடல் புற்றுநோயாவும் இருக்கலாம். மலம் கறுப்பாப் போனா உடனே சொல்லுங்க.

10/ வீட்ல இதயச் செயலிழப்பு உள்ளவங்க இருந்தா, புத்தூர் ஜி.ஹெச். ஆகட்டும், தில்லைநகர் கிளினிக் ஆகட்டும், அடுத்த தடவை போறப்ப ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "டாக்டர், அப்பாவுக்கு ஃபெரிட்டினும் சாச்சுரேஷனும் பார்த்தாச்சா?"