அரைப்பேர்

மாத்தளை மலைத்தோட்டமொன்றின் லயத்திலிருந்து இறங்கி வரும் மாணவன் ஒருவன், என் வகுப்பில் முதற்பாடத்திலேயே உறங்கிவிடுவான். "கும்பகர்ணன் வந்துவிட்டான்" என்றேன் ஒருநாள். வகுப்பு சிரித்தது. கம்பனைக் கற்றவன் அப்பெயரை இவ்வளவு மலிவாக எடுத்தாண்டிருக்கக் கூடாதென்பது பின்னரே உறைத்தது. பாடம் முடிந்ததும் அவன் அருகில் வந்தான். "அப்பாவுக்கு ராத்திரியில மூச்சு நின்னு நின்னு வருது சார். நின்னா நான் தட்டி எழுப்பணும்."

தந்தையைப் பார்க்கச் சென்றேன். ஒல்லியான மனிதர். அவருடைய குறட்டை லயம் முழுவதற்கும் வேடிக்கை. பகலில் கவ்வாத்து மலையில் கத்தியைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். கங்காணி அரைப்பேர் போடுவார். பாதி நாட்கூலிக்குத் தோட்டத்து வழக்கு அது. சோம்பேறி என்ற பட்டமோ முழுதாகவே கிடைத்தது.

இவ்வுறக்கத்தை உலகம் நோயென்று காண வெகுகாலம் ஆயிற்று. டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்ற பையன் எப்போதும் உறங்கிக்கொண்டே இருப்பான். அவன் ஒரு வேலைக்காரன் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 120 ஆண்டுகள் அவனைப் பார்த்துச் சிரித்த பிறகு, 1956இல் அமெரிக்க வைத்தியர் சிலர் 'பிக்விக்' என்றே ஒரு நோய்க்குப் பெயரிட்டனர். 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் உறங்குவோரின் மூச்சைப் பதிவுசெய்தபோது காரணம் புலப்பட்டது. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. மூளை திடுக்கிட்டு விழிக்கிறது. மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. பருத்தவர்க்கே இது வருமென்பதும் பிழை. தாடை குறுகிய மெலிந்தவர்க்கும் வரும்.

வைத்தியசாலையில் ஒரு வினாத்தாள் தந்தார்கள். மெல்பேர்ன் நகரில் மரே ஜோன்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வேர்த் அளவுகோல். வினாக்கள் 8; மொத்தப் புள்ளி 24; 10ஐத் தாண்டினால் பகலுறக்கம் மிகை. வாசிக்கையில் உறக்கம் வருமா? தொலைக்காட்சி பார்க்கையில்? ஒரு மணிநேரம் காரில் செல்கையில்? மதிய உணவுக்குப் பின் அமைதியாக அமர்ந்திருக்கையில்? நான் வாசித்துக் காட்டினேன். "மத்தியானத்தில எங்க சார் சும்மா உக்கார்றது?" என்றார் அவர். கிடைத்தது 7 புள்ளி. மலைச்சரிவில் நின்றபடி உறங்குகிறவனுக்கு அத்தாளில் வினாவே இல்லை. அளவுகோலை நான் பழிக்கவில்லை. உட்கார நேரமுள்ள மனிதரை மனத்திற்கொண்டு ஆக்கியது அது, அவ்வளவுதான்.

நல்லவேளை, இளம் வைத்தியர் தாளை ஒதுக்கிவிட்டு மகனைக் கேட்டார். எத்தனை நாழி மூச்சு நிற்கும், எப்படித் திரும்பும் என்பதைப் பையன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு மூக்கிலும் மார்பிலும் விரலிலும் கருவிகள் பொருத்தி ஓர் இரவு பதிந்தார்கள். 10 செக்கனுக்குக் குறையாத தடைகள் மணிக்கு 30 வந்தாலே கடுமை என்பர். இவருடையது அதற்கும் மேல்.

மருந்தென்று ஒன்றுண்டு. சிட்னியில் கொலின் சலிவன் 1981இல் அறிவித்த முறை: முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் கருவி. பல மாதக் கூலி சேர்ந்தாலும் அது லயத்துக்கு வராது. மல்லாந்து படுப்பதையாவது தவிர்க்கச் சொன்னார் வைத்தியர். பழைய சட்டையின் முதுகில் பையன் ஒரு றப்பர் பந்தைத் தைத்திருக்கிறான், புரண்டால் உறுத்தும். எல்லா மூச்சையும் அது காப்பதில்லை. ஆதலால் அவன் விழித்துத்தான் இருக்கிறான்.

வெட்டிய அரைப்பேர்களைப் பற்றி, வைத்தியரின் குறிப்பை இணைத்துத் தோட்டத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. அடுத்த கடிதம் தொழிற்சங்கத்தின் வழியாகப் போகிறது. அதைப் பையனே எழுதிக்கொண்டிருக்கிறான், என் முதற்பாட வேளையில்.