நீளக் கோட்டும் ஒரு விளம்பரப் பலகையும்

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வெம்ப்ளியில் நடந்த 1992 ஐரோப்பியக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியை மறுபடி போட்டுப் பார்த்தேன். கூடுதல் நேரம், 112-வது நிமிடம். பார்சிலோனாவின் கூமன் அடித்த ஃப்ரீ கிக் சம்ப்டோரியாவின் வலைக்குள் பாய்கிறது. பார்சிலோனாவுக்கு முதல் ஐரோப்பியக் கோப்பை. என் கண் என்னவோ அந்த அணியின் பயிற்சியாளர் யோஹான் கிரைஃப் மேலேயே இருந்தது. நீளக் கோட்டோடு, விளம்பரப் பலகையைத் தட்டுத் தடுமாறித் தாண்டி வருகிறார். முந்தைய வருடம்தான் இதய அறுவை சிகிச்சை. அதன்பிறகு சிகரெட்டை விட்டு, ஆட்டத்தின்போது லாலிபாப் சப்ப ஆரம்பித்தவர்.

பிறந்து வளர்ந்தது ஆம்ஸ்டர்டாமில், அயாக்ஸ் கிளப்பின் மைதானத்துக்கு வெகு அருகில். 12 வயதில் அப்பா போய்விட்டார். அம்மா அந்த கிளப்பிலேயே துப்புரவு வேலை பார்த்தார். அதே கிளப்புக்காக மகன் 1971, 72, 73 என்று மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார்! எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

1974 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மானியர் பந்தைத் தொடும் முன்பே அவர் பெனால்டி வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் நெதர்லாந்து 2-1 என்று தோற்றது. அது இன்னும் வலிக்கிறது.

ஆனால் ஆட்டக்காரரைவிடப் பயிற்சியாளர் கிரைஃபைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உடம்பைப் பார்க்காமல் மூளையைப் பார்த்து ஆளெடுத்தார். வேகமும் இல்லாத, பலமும் இல்லாத ஒல்லிப் பையன் ஒருவனை 1990-இல் நடுக்களத்தில் இறக்கினார். வெம்ப்ளியிலும் அவன் ஆடினான். பெயர் பெப் கார்டியோலா.